டோல்கேட்டுல மூணு பஸ்

மாட்டுத்தாவணியில மேலூர் பஸ்ஸுக்கு நின்னவங்களுக்கு இன்னைக்கு விஷயம் சுலபமா புரியும்.

ரெண்டு நிமிஷ இடைவெளியில மூணு பஸ் கிளம்புது. முதல் டிரைவர் மெதுவா, நடுவுல உள்ளவர் வழக்கம்போல, கடைசி ஆள் வேகமா. சிட்டம்பட்டி டோல்கேட்டுல மூணும் ஒண்ணா நிக்கும். தாண்டினா மறுபடி பிரிஞ்சிடும்.

நேர்கோட்டு முடுக்கியில, அதான் லினாக்ல, இந்த வேலையை ரேடியோ அலை செய்யுது. முந்தி வர்ற துகளுக்குக் கம்மி, பிந்தி வர்றதுக்கு அதிகத் தள்ளு. கொத்துக் கொத்தா சேர்ந்துடும். ஆனா எல்லாத்துக்கும் ஒரே வகை மின்னூட்டம். நெருங்க நெருங்க ஒன்றையொன்று விலக்கும்.

மும்பை டிராம்பேயில, பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட லெஹிபா முடுக்கியை எடுத்துக்குங்க. வடிவமைப்புப்படி 10 மில்லிஆம்பியர், சுமார் 352 மெகாஹெர்ட்ஸ். வகுத்துப் பார்த்தா ஒரு கொத்துல ஏறக்குறைய 17 கோடியே 70 லட்சம் புரோட்டான்! கம்ப்யூட்டர்ல அத்தனையையும் தொடர்வது பெரும்பாடு. ஒரு லட்சம் பிரதிநிதிகளை வச்சு ஓட்டுறதா வச்சுக்குவோம்.

சிக்கல் இங்கதான். லெஹிபா முதல் படி, 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும். கடைசி இலக்கு 1 கிகா; அந்தக் கற்றையால நியூட்ரான் உண்டாக்கி, மணவாளக்குறிச்சி மணல்ல கிடைக்கிற மாதிரியான தோரியத்தை உலையில பயன்படுத்தணும். அங்க 10 மில்லிஆம்பியர் தொடர்ச்சியா ஓடினா 1 கோடி வாட். மீட்டருக்கு 1 வாட்டுக்கு மேல சிந்தக்கூடாதுங்கிறது பொதுவான வரம்பு. மீறினா குழாயே கதிரியக்கமாகி, ரிப்பேருக்குக் கைவைக்க முடியாது.

அதாவது, கோடியில ஒண்ணு. நம்ம லட்சம் பிரதிநிதிகள்ல ஒருத்தர் சுவர்ல மோதினாலே 100 வாட்! ஒருத்தரும் மோதலைன்னா திரை சுத்தமா இருக்கும். நிஜத்துல 50 வாட் சிந்திக்கிட்டே இருக்கலாம். அழகான வண்ணப்படத்தை நம்பி ஏமாறுறது இப்படித்தான்.

அதனால அளந்தாகணும். ஒரு வழி, கற்றைக்குள்ள மெல்லிய டங்ஸ்டன் கம்பி. புரோட்டான் பட்டதும், வந்த அதே நேர வரிசையில எலக்ட்ரான்கள் தெறிக்கும். அதுங்களை ரேடியோ அலையால பக்கவாட்டுல வளைச்சா முந்தினது ஓரிடம், பிந்தினது வேறிடம். நேரம் தூரமா மாறிடுது! மாஸ்கோவில வளர்த்தெடுத்த உத்தி இது.

டோல்கேட்டுல நின்னு நேரம் குறிக்கிற மாதிரிதான். அவங்கவங்க வேகம் தெரியாது. கொத்தாக்கியோட மின்னழுத்தத்தை மாத்தி மாத்தி அளந்து, எந்த ஆரம்பக் கொத்து இத்தனை அகலத்தையும் தரும்னு அதே சிமுலேஷன்கிட்ட திரும்பக் கேட்கணும். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

ஆனா கோடியில ஒண்ணா ஒதுங்குற வால்பகுதி இந்தக் கம்பிக்கும் லேசுல சிக்காது. குழாய்க்கு வெளியே இழப்பு உணரிகளை வச்சு, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பார்க்கறாங்க.