தரம் 6க்குப் போகும் பிள்ளை
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நம்ம பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே டீச்சர்தான். தரம் 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலை. கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர் என்று மணியடிக்க மணியடிக்க ஆள் மாறும். பல தோட்டங்களில் பாடசாலை தரம் 5உடன் முடிவதால் டவுனுக்கும் போகவேண்டும். உடம்பும் மனசும் மாறுகிற வயசும் அதுதான். பிள்ளை வாய்திறந்து சொல்லாது.

வகுப்பாசிரியர் என்று ஒருவரை வைத்திருப்பது இதற்காகத்தான். இடாப்பு மார்க் பண்ண மட்டுமல்ல. அரைப்பேர் போனாலும் போகட்டும், முதல் தவணையிலேயே அவரைப் போய்ப் பாருங்கள்.

பெரியபிள்ளையான மகளை, தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று லயத்தில் நிறுத்திவிடாதீர்கள். 2016 முதல் 16 வயதுவரை படிப்பு கட்டாயம். சடங்கு நாட்களில் விட்ட பாடத்தை யாருடைய கொப்பியைப் பார்த்து எழுதலாம் என்று அந்த வகுப்பாசிரியரிடமே கேளுங்கள்.