மலையின் மணமும் மலையின் முறையும்

(சங்கத்தின் ஆண்டு விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



இவ்வரங்கில் சமையலைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் தயங்கினேன். சாம்பாரையும் ரசத்தையும் பற்றி உங்களிடம் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும் அன்றோ? ஆகையால், நம் ஊரில் இல்லாததும், நாம் இன்று பிழைப்பின் பொருட்டு வந்து வாழும் இம்மலை நாட்டில் உள்ளதுமான ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டேன். அதுதான் காட்டுப் பூண்டு. பூண்டு என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர்கள் இங்கே இருக்கக்கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்லப்போவது அடுக்களையில் தொடங்கினாலும் அடுக்களையோடு முடிவதன்று.

டேராடூனுக்கு நான் வந்த முதல் ஆண்டு மார்கழிக் குளிரில், எங்கள் காலனியில் அடுத்த வீட்டு அம்மையார் ஒரு கிண்ணத்தில் பருப்புக் கொணர்ந்து தந்தார். அவர் சமோலி மாவட்டத்து நீதிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். வாயில் வைத்ததும், அது நம் கொங்கு நாட்டார் போற்றும் கொள்ளு என்று அறிந்துகொண்டேன். இங்கே அதனைக் ‘கஹத்’ என்பர். ஆனால் தாளிப்பின் மணந்தான் பிடிபடவில்லை. பூண்டு போல இருந்தது, பூண்டு அன்று. வெங்காயம் போலவும் இருந்தது, வெங்காயமும் அன்று. “இதில் என்ன போட்டீர்கள், பஹன்ஜி?” என்று கேட்டேன். “ஃபரண்” என்றார். நான் அறியாமல் தலையை உயர்த்தி, எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தேன்! அவருக்கு என் தமிழ்க் குழப்பம் புரியாவிடினும் என்னோடு சேர்ந்து சிரித்தார். பிறகு ஒரு துணிப்பையை அவிழ்த்து, காய்ந்த புல் போன்ற ஒரு பொருளைக் காட்டினார். அவ்வளவு அற்பமாகத் தோன்றிய அதிலிருந்தா அவ்வளவு மணம் எழுந்தது என்று வியந்தேன்.

கட்வாலில் ஃபரண் என்றும், குமாவூனில் ஜம்பு என்றும், நேபாளத்தில் ஜிம்பு என்றும் வழங்குவன எல்லாம் வெங்காயக் குடும்பத்துச் செடிகளே. இப்பெயர்களால் குறிக்கப்படும் செடி எல்லா இடத்திலும் ஒன்றன்று. மலைக்கு மலை இனம் வேறுபடும். கட்வாலின் உயர்ந்த மலைகளில் வளரும் ஃபரணுக்குத் தாவர நூலார் ‘அல்லியம் ஸ்டிரேச்சியை’ என்று பெயரிட்டுள்ளனர். 1840-களில் குமாவூன் மலைகளை ஆராய்ந்த ரிச்சர்டு ஸ்டிரேச்சியின் பெயர் அதில் நிலைத்திருக்கிறது. இலை புல்லைப் போல ஒடுங்கியது. பூக்கள் ஒரு காம்பின் நுனியில் பந்து போலத் திரண்டிருக்கும். மண்ணுக்குள் சிறிய கிழங்கு ஒன்று ஒளிந்திருக்கும். மழைக்காலத்தில் இலையையும் பூவையும் கொய்து, உலர்த்தி, ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்வது அம்மக்களின் வழக்கம்.

சில ஆண்டுகளுக்குப் பின், ஓர் ஆவணி மாதத்தில், அவ்வம்மையாரின் அழைப்பிற்கிணங்கி அவருடைய மாமியார் வீட்டுக்குச் சென்றேன். ஜோஷிமட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் மலாரி வரும். ஏறக்குறைய 10,000 அடி உயரம். அதன் அருகே ஒரு சிற்றூர். அங்குள்ள போட்டியா மக்கள் கோடையில் மேலே வந்து உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் பயிரிட்டு, பனி விழுமுன் தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கிவிடுவர். அவர்களுடைய முன்னோர் கணவாய்களைக் கடந்து திபெத்துடன் உப்பும் கம்பளியும் வாணிகம் செய்தவர்கள். 1962-ஆம் ஆண்டுப் போரோடு அவ்வாணிகம் நின்றுபோயிற்று. அதன் பின்னர் நிலமும், நெசவும், மலைச் சரக்குகளுமே அவர்களுக்குக் கைகொடுத்தன.

மறுநாட் காலையில் அவ்வீட்டு மூதாட்டியாரோடு ஃபரண் பறிக்கப் புறப்பட்டோம். மூச்சு வாங்க ஏறிச்சென்றால், பாறைகளுக்கு இடையே புல்லோடு புல்லாக அது நின்றது. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்ததும் எனக்கு உண்டான களிப்புக்கு அளவில்லை. ஊருக்கு எடுத்துச் சென்று தொட்டியில் வைப்போம் என்னும் ஆசையால், ஒரு தூற்றைப் பிடித்து வேரோடு இழுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் பிடுங்கினேன். மூதாட்டியார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் கையிலிருந்த செடிகளை வாங்கினார். இலைகளைக் கிள்ளி என் மடியில் இட்டார். கிழங்குகளை அதே குழியில் வைத்து மண்ணை மூடி விரலால் அழுத்தினார். பிறகு, “பேட்டி, இலை எங்களுடையது, கிழங்கு மலையினுடையது” என்றார். எனக்கு நாணம் மேலிட்டது. கற்றவள் என்ற எண்ணத்தோடு சென்ற நான், அன்று அந்தக் குழியின் அருகே ஒரு மாணவியாக அமர்ந்தேன்.

அன்பர்களே, அவர் சொன்னது வெறும் பக்தி வார்த்தை அன்று. பனிக்காலம் முழுவதும் மேலுள்ள இலை மடிந்துபோக, செடியின் உயிர் அக்கிழங்கில்தான் தங்கியிருக்கிறது. பனி உருகியதும் அதிலிருந்தே மீண்டும் துளிர்க்கிறது. அம்மலையில் செடி வளரும் காலம் ஆண்டில் சில மாதங்களே. இலையைக் கொய்தால் அடுத்த ஆண்டும் இலை உண்டு. கிழங்கைப் பிடுங்கினால் அவ்விடம் வெறுமையாகிவிடும். பூக்கள் அனைத்தையும் கொய்துவிட்டால் விதைக்கு வழியில்லை. ஆதலால் அவர் ஒவ்வோர் இடத்திலும் சில பூக்களை விட்டுவிட்டே நடந்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை 1980-களில் வெளியிடத் தொடங்கிய சிவப்புத் தரவு நூலில், ஆபத்துக்கு உட்படக்கூடிய செடிகளின் வரிசையில் இந்த ஃபரணும் இடம்பெற்றுள்ளது. அம்மலை மக்களில் பலர் இதனை உணர்ந்து வீட்டுத் தோட்டங்களிலேயே பயிரிடுகின்றனர்.

பறிப்பதில் இன்னொரு பாடமும் உண்டு. ஐரோப்பாவிலும் இளவேனிற் காலத்தில் மக்கள் காடுகளுக்குச் சென்று வேறொரு காட்டுப் பூண்டின் இலையைப் பறித்து உண்கின்றனர். அதனைப் போன்ற இலையுடைய நச்சுச்செடி ஒன்றைத் தவறாகப் பறித்துண்டு உயிரிழந்தவர்களும் அங்கே உண்டு. அச்செடியிலுள்ள நஞ்சு கோல்சிசின் என்பது. நம் செங்காந்தளின் கிழங்கில் இருப்பதும் அதுவே! கசக்கி முகர்ந்தால் பூண்டின் மணம் வரவேண்டும் என்பது நல்ல சோதனைதான். ஆயினும் நாலு பூண்டிலை பறித்த கைக்கு ஐந்தாவது இலை எதுவாயினும் பூண்டாகவே மணக்கும். எனவே மூக்கை மட்டும் நம்பிக் காட்டுக்குப் போகலாகாது. அந்த மண்ணை அறிந்தவர் உடன்வர வேண்டும். இங்குள்ள இளைஞர்கள் மலையேறச் செல்லும்போது இதனை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இனி, தாய்மார்கள் காத்திருக்கும் சமையலுக்கு வருகிறேன். ஓர் ஆழாக்குக் கொள்ளை முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் மஞ்சள்தூளோடு குழைய வேகவையுங்கள். அதில் பாதியை மசித்து, உப்பிட்டு, நீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இரும்புக் கரண்டியில் இரண்டு தேக்கரண்டி நெய்யைக் காய்ச்சி, ஒரு மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போடுங்கள். மிளகாய் நிறம் மாறியதும் கரண்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அதன் பின்னரே ஃபரணைத் தூவுங்கள். இரண்டு விரலால் எடுக்கும் அளவு போதும். அடுப்பின்மேல் வைத்துத் தூவினால் நொடியில் கருகிக் கசந்துவிடும். பொரிந்து மணம் எழுந்ததும் பருப்பில் கொட்டி, உடனே மூடிவிடுங்கள். அந்த மணத்தை வெளியே விடாமல் உள்ளே வாங்கவே மூடி. குமாவூனில் வேகவைத்த உருளைக்கிழங்கையும் இவ்வாறே தாளிப்பர். எங்கள் வீட்டில் பருப்பு ரசத்திற்குப் பெருங்காயத்தை விடுத்து இதனைத் தாளிப்பதும் உண்டு. என் மாமியார் முதலில் ஐயத்தோடு நோக்கினார். பிறகு இரண்டாம் முறையும் ரசம் கேட்டு வாங்கினார்.

பெருங்காயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அது இல்லாமல் ரசம் ரசமாகாது என்கிறோம். அதுவோ ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் செடியின் வேர்ப்பால். இந்திய மண்ணில் அதனைப் பயிரிடும் முயற்சியாக, இமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் கன்றை நட்டது 2020-ஆம் ஆண்டில்தான். எங்கோ பிறந்த மணத்தை நம் பாட்டிமார்கள் எந்நாளோ சொந்தமாக்கிக்கொண்டார்கள். நாமும் நாம் வாழும் இந்நாட்டின் மணத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் மணத்தை ஏற்பவர் அதனைப் பறிக்கும் முறையையும் ஏற்கவேண்டும். கடையிலோ மலைமக்களிடமோ ஃபரண் வாங்கினால் இலையும் பூவும் மட்டுமே உள்ளதை வாங்குங்கள். கிழங்கோடு பிடுங்கியதை வேண்டாம் என்று சொல்லுங்கள். தேவைக்கு மேல் வாங்காதீர்கள். தோட்டத்தில் விளைந்தது கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தேனும் அதனை வாங்குங்கள். அதனால் அவர்கள் பிழைப்புக்கும் குறைவில்லை, மலைக்கும் குறைவில்லை.

நாம் இவ்வூருக்கு வந்தவர்கள். இங்கே வேலையும், நிழலும், நல்ல அண்டை வீட்டாரும் பெற்றோம். பெறும்போது எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை அந்த மூதாட்டியார் ஒரு பிடி மண்ணால் எனக்குக் கற்பித்தார். அவர் இன்று இல்லை. அவர் மீண்டும் நட்ட அந்த இரண்டு கிழங்குகளும் அடுத்த ஆண்டு துளிர்த்தன என்று மருமகள் வந்து சொன்னபோது, எனக்கு உண்டான மகிழ்ச்சியை இந்த அவையோடு பகிர்ந்துகொள்ளவே இன்று வந்தேன்.

மேசைமேல் ஒரு சிறு பொட்டலம் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அனைவரும் முகர்ந்து பாருங்கள்.