குழாய் இருக்கு, தண்ணி வருதா?

உங்க ஊரில் அங்கன்வாடி இருக்கா என்று கேட்டால், "இருக்கு" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கடைசித் தெருவிலிருந்து மூணு வயசுக் குழந்தை அங்கே போக எவ்வளவு தூரம் நடக்கணும்? கொஞ்சம் யோசிப்பீங்க. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போறோம்.

மத்திய அரசின் 'மிஷன் அந்த்யோதயா' கணக்கெடுப்பு, சாலை, குடிநீர், பள்ளி, வங்கி என்று ஒவ்வொரு கிராமத்தின் நிலையையும் பதிவு செய்கிறது. ஒரு வசதி ஊரில் இல்லையென்றால், எத்தனை கிலோமீட்டரில் கிடைக்கிறது என்றும் கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனா, எங்கேயிருந்து அளக்கறது?

2021-22-இல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்-2 தொடங்கியபோது, தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள், அவற்றுக்குள் 79,395 குக்கிராமங்கள். சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறுக்கு மேல். தாய்க்கிராமத்தில் நின்றுகொண்டு "குடிநீர் இருக்கு" என்று எழுதினால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்கும் அதுவே பதிலாகிவிடும். குழாய் போட்டாச்சு, சரி. மேட்டுத்தெரு வீட்டில் தண்ணி ஏறுதா? கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் போடும்போது இந்தப் பதிவுகளைத்தான் முன்னால் வைக்கிறார்கள். "இருக்கு" என்று எழுதின இடத்துக்கு யார் பணம் ஒதுக்குவாங்க?

போனை எடுங்க. மிஷன் அந்த்யோதயா தளத்தில் உங்கள் ஊர் நிலவரத்தையும், இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் திட்டத்தையும் பார்க்கலாம். (பேரைப் பார்த்து மிரளாதீங்க, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் போதும்.) அப்புறம் தண்ணி விடுற நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்க. எந்தத் தெருவில் எத்தனை குடம் கிடைக்குது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று பெண்களைக் கேட்டு எழுதிக்குங்க. அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் படிவத்துக்கும் தெரியாது.

பதிவு ஒண்ணு, நிலவரம் ஒண்ணு என்றிருந்தால், சொல்ல வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். வாயால் சொன்னது காத்தோட போயிடும். தெருப் பெயரோடு தீர்மானமாக எழுதச் சொல்லுங்க. வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். நீங்க, எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க.