பன்னிரண்டு சம்பள நாளும் ஒரு கலியாணமும்

(கிளைச் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் தோட்டக் கிராணியும் சங்க உறுப்பினருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், வீடு, மருந்து, தண்ணீர் என்பவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இந்த மேடையில், இன்று கலியாணத்தைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். அடுத்த தை மாதத்தில் நம் தோட்டத்தில் சில வீடுகளில் மணமேளம் கொட்டப்போகிறது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இன்னும் ஓராண்டு இருக்கிறது. ஆகவே பேச வேண்டிய நேரம் இதுதான்.

கலியாணத்துக்கும் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு, தோழர்களே! தீபகற்ப மலேசியாவில் 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. தொழிலாளர் இயக்கம் பல்லாண்டு கேட்டுக் கேட்டு, வாதாடி, இந்த நிலைக்கு வந்திருக்கிறது. இப்படி வந்த வெள்ளி தொழிலாளியின் வீட்டில் தங்க வேண்டாமா? ஒரு நாள் கலியாணத்துக்காக அது மூன்றாண்டு வட்டிக்காரனிடம் போகுமானால், நாம் வாதாடியது யாருக்காக?

நான் செக்ரோல் எழுதுகிறவன். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் சம்பளக் கணக்கு எனக்குச் சொல்லிவிடும். கலியாணம் முடிந்த சில வீடுகளில் அடுத்த மாதம் முதற்கொண்டே புதுப் பாத்திரமும் மெத்தையும் வரும். வேறு சில வீடுகளிலிருந்து, "கிராணி ஐயா, கொஞ்சம் அட்வான்ஸ் கிடைக்குமா?" என்ற கேள்வி வரும். இரண்டு வீட்டுக்கும் சம்பளம் ஒன்றே. ஒரு வீட்டார் ஓராண்டுக்கு முன்னமே கணக்குப் போட்டார்கள். மற்ற வீட்டார் கலியாணத்துக்குப் பின் கணக்குப் போடுகிறார்கள். இவ்வளவே வேறுபாடு.

அட்வான்ஸ் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒருவர் முந்தின மாதம் சம்பாதித்ததற்கு மேற்பட்ட தொகையை நிர்வாகம் முன்பணமாகக் கொடுக்கக்கூடாது. வீடு, நிலம், மோட்டார் சைக்கிள், மருத்துவம், பிள்ளைகள் கல்வி போன்ற சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் கலியாணம் இல்லை. ஆகவே, "ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணிப் பந்தக்கால் நடாதீர்கள்.

இனி ஓராண்டை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம்.

தை மாதத்தில் கலியாணம் என்று வைத்துக்கொள்வோம். முந்தின தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களும் பேசி முடிவு செய்வதற்கு உரியவை. பெரும்பாலோர் மண்டபத்தையும் புடவையையும் முதலில் பேசுகிறார்கள். முதலில் பேச வேண்டியது தொகை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு பாயில் உட்கார்ந்து, "நம் இரு வீட்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான்" என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட வேண்டும். அந்தப் பேச்சில் மணமக்கள் இருவரும் இருக்க வேண்டும். பெண்ணும் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவள்தான். அவள் பணமும் சேர்ந்து செலவாகும்போது அவளைக் கேளாமல் முடிவு செய்வது நியாயமன்று.

ஒரு கணக்குப் போடுவோம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோ முதலியவையும் போக, கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. மாப்பிள்ளை மாதம் 400 வெள்ளியும் பெண் 300 வெள்ளியும் எடுத்து வைக்கட்டும். ஆனால் பன்னிரண்டு மாதமும் அப்படி வைக்க முடியுமா? முடியாது. மரம் சீவும் நமக்குத் தெரியாததா? பிப்ரவரி தொடங்கி இரண்டு மூன்று மாதம் பால்மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், மிகைப் பாலுக்குக் கிடைக்கும் பணமும் குறையும். அந்த மூன்று மாதத்துக்குப் பாதித் தொகை போதும். மாப்பிள்ளைக்கு ஒன்பது மாதம் 400, மூன்று மாதம் 200, ஆக 4,200. பெண்ணுக்கு ஒன்பது மாதம் 300, மூன்று மாதம் 150, ஆக 3,150. இரண்டும் சேர்ந்து 7,350 வெள்ளி. இதனுடன் பெற்றோர் தம் கையிருப்பிலிருந்து தருவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கலியாணம். அதற்கு மேல் உள்ளது வட்டிக்காரனுடைய கலியாணம்!

மொய்ப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொய் வரும் என்று கடன் வாங்குகிறவர் பலர். மொய் நோட்டில் எழுதிய ஒவ்வொரு பெயரும் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. வந்தால் புதுக்குடித்தனத்துக்கு அரிசி பருப்பாகட்டும்.

சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் நாளையும் இடத்தையும் உறுதி செய்யுங்கள். தையில் முகூர்த்தம் வைப்போர் தைப்பூசத்தை நினைவில் கொள்ள வேண்டும். அதை ஒட்டிய நாள்களில் கோயில் மண்டபமும் எளிதில் கிடைக்காது, குருக்களும் கிடைக்க மாட்டார், மேளக்காரரும் கிடைக்க மாட்டார். தாலிப் பொன்னைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடாமல், சேர்ந்த பணத்தைக் கொண்டு சிறிது சிறிதாக வாங்கி வைப்பது நல்லது. பவுன் விலை நமக்காகக் காத்திருப்பதில்லை.

அழைப்போர் பட்டியலையும் இந்த மாதங்களிலேயே எழுதுங்கள். கலியாணச் செலவில் பெரும் பகுதி இலையில்தான் போகிறது. ஆளுக்கு 12 வெள்ளி என்று வைத்தால் 400 பேருக்கு 4,800 வெள்ளி. 250 பேருக்கு 3,000 வெள்ளி. மிச்சம் 1,800 வெள்ளி. உரிமம் பெற்றவரிடம் ஈடு வைக்காமல் வாங்கும் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அந்தக் கணக்கில் 10,000 வெள்ளிக்கு ஓராண்டு வட்டியும் அதே 1,800தான். நூற்றைம்பது பேரை அழைப்பதற்காக ஒரு கடனின் வட்டியைக் கட்டுவதா? உரிமம் இல்லாத ஆ லோங்கிடம் போனாலோ கேட்கவே வேண்டாம். மாதம் நூற்றுக்குப் பத்து என்று அவன் சொன்னால் 10,000 வெள்ளிக்கு மாத வட்டி மட்டும் 1,000 வெள்ளி. முதல் அப்படியே நிற்கும், சம்பளம் போய்விடும், பிறகு அவன் ஆட்கள் லயத்து வாசலில் நிற்பார்கள். கூட்டுக் கட்டிப் பணம் சேர்க்கலாம் என்போரும் உண்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்துகிறவர் ஓடிவிட்டால் போன பணத்தை மீட்பது எளிதன்று.

நம்முடைய பழைய வழக்கம் இதைவிட மேலானது. இளைஞர்கள் கூடித் தென்னங்கீற்று முடைந்து பந்தல் போடுவார்கள். வாழை மரம் கட்டுவார்கள். தாய்மார்கள் இரவோடு இரவாகக் காய் நறுக்கிக் கொடுப்பார்கள். அது ஏழைமையின் அடையாளமன்று, ஒற்றுமையின் அடையாளம். அடுக்களைக்கும் பந்தலுக்கும் ஆள் வேண்டுமென்றால் கிளைச் சங்கத்தில் சொல்லுங்கள். பரிசம் தனி விருந்து, நலுங்கு தனி விருந்து, கலியாணம் தனி விருந்து, பட்டணத்து மண்டபத்தில் மேசை போட்டு மறுபடி ஒரு விருந்து என்று நான்காகப் பெருக்குவதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் துணிமணி எடுக்கலாம், தைக்கக் கொடுக்கலாம். லீவுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். கலியாண லீவு என்று வேலைச் சட்டத்தில் தனியாக இல்லை. ஆண்டு லீவு, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், ஐந்தாண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அதைத் தீபாவளிக்கே முடித்துவிட்டால் தையில் என்ன செய்வீர்கள்? தனி வீடு வேண்டுவோரும் இந்தச் சமயத்திலேயே ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வந்ததும் தீபாவளிச் செலவு, மழையால் வேலை தடைப்படும் நாள்கள், அழைப்பிதழ் எல்லாம் ஒருங்கே சேரும். இந்தப் பரபரப்பில் பலர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. அதுதான் பதிவுத் திருமணம். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி தாலி கட்டியவர்களின் மணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆகையால் நம் பாட்டன் பாட்டிமாருக்குச் சான்றிதழ் இல்லாமலே காரியம் நடந்தது. அதே நினைப்பில், "தாலி கட்டியாயிற்று, ஊரே பார்த்தது, காகிதம் எதற்கு?" என்று இன்றும் சொல்கிறோம். இன்று ஊர் பார்த்தது போதாது. பதியாத மணம் சட்டத்தின் முன் மணமாகாது.

இதனால் துன்பப்படுவது யார்? பெண்ணும் பிள்ளையும். கணவன் இறந்தபின் சொக்சோவில் பிழைத்திருப்போர் ஓய்வூதியம் கேட்கப் போகும் மனைவியிடம் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். பதியாத மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை, அரசியல் சட்டப்படி, தாயைக் கொண்டே பார்க்கப்படும். தாய்க்கு அடையாளக் கார்டு இல்லையென்றால், தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை நாடற்ற பிள்ளையாக நிற்க நேரும். பள்ளிக்கூடத்து வாசலில் அந்தக் குழந்தை தலை குனிந்து நிற்பதற்கு மூன்று வார வேலையைச் செய்யாதது காரணமாகலாமா?

ஆம், மூன்று வார வேலைதான். ஏழு நாளேனும் குடியிருந்த வட்டாரத்தின் பதிவு அலுவலகத்தில் இருவரும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது 21 நாள் ஒட்டி வைக்கப்படும். யாரும் ஆட்சேபிக்கவில்லையென்றால் ஆறு மாதத்துக்குள் மணத்தை முடித்துப் பதியலாம். சில கோயில்களில் உதவிப் பதிவாளர் இருக்கிறார். தாலி கட்டும் நாளிலேயே கையொப்பமும் இட்டுவிடலாம். 18 வயது நிறையாதவர்களுக்கு மணம் பேசாதீர்கள். 21 நிறையாதவர்களுக்குத் தந்தையின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இருவர் அடையாளக் கார்டிலும் பிறப்புப் பத்திரத்திலும் பெயரும் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்பதை மட்டும் முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். கார்டில் சிக்கல் இருந்தால் அதைத் தீர்க்க ஓராண்டும் போதாமற்போகலாம். சந்தேகமிருந்தால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். பாரங்களை நிரப்பிக் கொடுக்க நானும் இருக்கிறேன்.

இன்னும் ஒரு சொல். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியில் மூன்றாவது கணக்கொன்று திறக்கப்பட்டிருக்கிறது. மாதச் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் சேரும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க முடிகிறது என்பதற்காக மேளத்துக்கும் மேசைக்கும் எடுத்துவிடாதீர்கள். நோய் நொடி வரும் நாளுக்கு அது இருக்கட்டும்.

தோழர்களே! மாதம் சிறுகச் சேர்த்து என்ன ஆகும் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தைத் திரட்டி அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு ஒரு கலியாணத்தைக் கடனில்லாமல் நடத்த முடியாதா?

அடுத்த சம்பள நாளன்று மணமக்கள் இருவரும் வங்கிக்குப் போய் முதல் தொகையைக் கட்டிவிட்டு வாருங்கள். தையில் தாலி ஏறட்டும். கையில் சான்றிதழ் இருக்கட்டும். அடுத்த மாதச் சம்பளம் முழுதாக வீட்டுக்கு வரட்டும். மணமக்கள் நீடு வாழ்க! தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!