நான்கு சில்லும் இழுக்கும் வண்டிகள்

அமெரிக்கக் கண்டத்தின் வடகோடியிலுள்ள அலாஸ்காவிலிருந்து தென்கோடிவரை நீண்டு செல்லும் பெருவீதி ஓரிடத்தில் மட்டும் அறுந்து கிடக்கின்றது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடைப்பட்ட டேரியன் என்னும் சதுப்புக்காடே அவ்விடம். இன்றும் அங்கே வீதி இல்லை. 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் குழுவொன்று இரண்டு றேஞ்ச் றோவர் வண்டிகளுடன் அக்காட்டினுள் நுழைந்தது. இராணுவப் பொறியியற் படையைச் சேர்ந்த ஜோன் பிளாஷ்போர்ட் ஸ்னெல் அதனை நடத்திச் சென்றார். றேஞ்ச் றோவர் உலகுக்கு அறிமுகமாகி அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. மூன்றரை லீற்றர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட எஞ்சின், மென்மையான சுருள்விற்கள், நான்கு சில்லுகளுக்கும் எந்நேரமும் செல்லும் விசை. இவை போதாவென்று சதுப்பு நிலத்துக்கென அகன்ற பெரும் ரயர்களையும் பூட்டியிருந்தார்கள்.

காட்டினுள் சில நாட்கள் செல்வதற்குள் அவற்றின் அச்சுகளுள் இருந்த பற்சக்கரங்கள் நொறுங்கலாயின. பெரும் ரயர், நிறைந்த சுமை, வலிய எஞ்சின் ஆகிய மூன்றின் நெருக்குதலும் அப்பற்சக்கரங்களின் மேலேயே விழுந்தது. குழுவினர் என்ன செய்தனர்? வேறொருவர் ஓட்டித் தேய்ந்த பழைய லாண்ட் றோவர் ஒன்றை விலைக்கு வாங்கி, அதனை வழிகாட்டியாக முன்னே அனுப்பினர். ஏறக்குறைய நூறு நாட்களின் பின்னர் குழு காட்டைக் கடந்தது. றேஞ்ச் றோவர்களும் பழுது நீங்கி, அவ்வாண்டின் நடுப்பகுதியில் தென்கோடியை அடைந்தன என்பதையும் சொல்லவேண்டும். அவை தாழ்ந்த வண்டிகள் அல்ல. வீதி கிடைத்த இடமெல்லாம் பழைய லாண்ட் றோவரைப் பின்னே விட்டுவிட்டுப் பறக்கக்கூடியவை. இடனறிதல் என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தேரையும் மரக்கலத்தையும் அதில் எடுத்துக்காட்டியது காரணமின்றி அன்று.

ஒரு வண்டி சேற்றில் எவ்வாறு இயங்கும், தாரிட்ட வீதியில் எவ்வாறு இயங்கும் என்பதை ஒப்பிட விரும்புவோர் முதலில் அதன் அடியிற் குனிந்து பார்க்கவேண்டும். அச்சின் நடுவே பூசணிக்காய் போலப் புடைத்து நிற்கும் பெட்டி கண்ணிற்படும். அதனை டிபறென்சியல் என்பர். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரமும் உட்புறச் சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டியிருக்கின்றது. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஒன்று தேயும், மற்றொன்று இழுபடும். அவை வெவ்வேறு வேகத்தில் உருள இடங்கொடுப்பதே அப்பெட்டியின் பணி. வீதியில் இது பெரும் நன்மை. சேற்றிலோ இதுவே பகையாகின்றது. ஒரு சில்லு பிடிப்பிழந்து சுழலத் தொடங்கினால், விசை முழுவதும் அச்சில்லின் வழியாகவே வீணாகிவிடும். உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லு அசையாது. ஆகவே, நான்கு சில்லுகளுக்கும் விசை செல்கின்றது என்று விற்பனையாளர் சொல்லும் வண்டியும், முன்னே ஒரு சில்லும் பின்னே ஒரு சில்லும் குழியின்மேல் அந்தரத்தில் நிற்க நேர்ந்தால், அடியெடுத்து வைக்க மாட்டாது நின்றுவிடும். டிபறென்சியலைப் பூட்டி வைக்கும் பொறி உள்ள வண்டிக்கே அவ்விடத்தில் உய்வுண்டு.

முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலும் இதே சிக்கல் உண்டு. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் கூடிய தூரம் ஓடுகின்றன. பழைய வண்டிகளில் இவ்விரண்டுக்கும் நடுவே டிபறென்சியல் இல்லை. எனவே நான்கு சில்லு இயக்கத்தை மாட்டிக்கொண்டு காய்ந்த வீதியில் ஓட்டினால் தண்டுகள் முறுகும், திருப்புசக்கரம் இறுகும், ரயர்கள் அரைபடும். சேற்றில் சில்லு சற்றே வழுக்கி அம்முறுக்கைத் தானே தளர்த்திக் கொள்ளும். அதனாலேயே அவ்வகை வண்டிகளின் சாரதிகள் வீதியில் பின்சில்லுகளால் மட்டும் ஓட்டி, காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் நெம்புகோலைத் தள்ளுகின்றனர்.

இவ்வகையின் மூதாதை 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படைகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப். வில்லிஸ் நிறுவனமும் போர்ட் நிறுவனமும் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 60 குதிரைவலுக் கொண்ட எஞ்சின், ஏறக்குறைய 1,100 கிலோகிராம் நிறை, இரு அச்சுகளுக்கும் இடையே 80 அங்குலம். அதன் வல்லமை அதன் எளிமையிலும் இலேசிலும் இருந்தது. புதைந்தால் நான்கு பேர் தோள்கொடுத்து மீட்டுவிடலாம். ஆயின் வீதியில் அதைப் போலத் துன்பந் தரும் வண்டி அரிது. கதவில்லை, மழைக்குத் திரைச்சீலையே காப்பு, வில்லுத்தகடுகள் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும்.

போர் முடிந்தபின் அங்கிள்சி என்னும் தீவிலிருந்த தம் பண்ணையில் பழைய போர்க்கால ஜீப் ஒன்றை வைத்திருந்தவர் றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ். அது தேய்ந்தால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து லாண்ட் றோவர் பிறந்தது. 1948ஆம் ஆண்டு சித்திரை மாத இறுதியில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அக்காலத்தில் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் உடலை அலுமினியக் கலவையில் அமைத்தனர். தட்டுப்பாட்டால் வந்த அந்த ஏற்பாடு வரமாயிற்று. ஈரமான நாடுகளிலும் லாண்ட் றோவரின் உடல் துருப்பிடிப்பதில்லை. கீழேயுள்ள உருக்குச் சட்டகமே முதலில் இற்றுப்போகின்றது. எங்கள் மலைநாட்டுத் தோட்டங்களின் கற்பாதைகளில் அவ்வண்டிகள் பல பத்தாண்டுகள் உழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சில்லுகளை நிலத்தோடு ஒட்டி வைத்திருக்கும் அதன் திறமை பெரிது. வீதியிலோ மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டுவதே பெரும்பாடு. பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்தவேண்டும். பின்னச்சின் அரைத்தண்டு மெலிந்தது. மூர்க்கமாக ஓட்டினால் முறியும்.

அந்தக் குறையை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் யப்பானியர். ரொயோட்டா நிறுவனத்தின் முதல் ஜீப் வகை வண்டி 1951ஆம் ஆண்டு பூஜி மலையின் ஆறாம் நிலையம்வரை ஏறிக் காட்டியது. 1954இல் அதற்கு லாண்ட் குறூசர் என்று பெயரிட்டனர். 1960 முதல் 1984 வரை வந்த நாற்பதாம் வரிசை வண்டியில் ஆறு உருளை கொண்ட பெரிய பெற்றோல் எஞ்சினைப் பொருத்தினர். அது லாண்ட் றோவரிலும் கனத்தது. எண்ணெயும் கூடக் குடித்தது. உருக்குடல் ஆகையால் உப்புக்காற்றில் விரைவாகத் துருப்பிடித்தது. ஆனால் முறியவில்லை. அவுஸ்திரேலியாவின் பனிமலை நீர்மின் திட்டத்தில் 1950களின் இறுதியில் அவ்வண்டிகள் இறங்கிய பின்னர், அந்நாட்டின் உட்பிரதேசத்தில் லாண்ட் றோவரின் செல்வாக்குத் தேயலாயிற்று. அடுத்த நகரம் 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் நாட்டில், பாறையில் நளினமாக ஏறும் வண்டியிலும் பார்க்கத் திரும்பி வீடு வந்து சேரும் வண்டியே மதிக்கப்பட்டது. 1984இல் தோன்றிய எழுபதாம் வரிசையை இன்றும் செய்கின்றார்கள். எங்கள் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வண்டிகளாக லாண்ட் குறூசர்களைப் பார்த்தவர் பலர்.

இவையெல்லாம் காட்டுக்கெனப் பிறந்து வீதியைச் சகித்துக்கொண்ட வண்டிகள். இரண்டையும் ஒருங்கே ஆளவேண்டும் என்ற எண்ணம் 1970இல் வந்த றேஞ்ச் றோவரில் உருப்பெற்றது. இரு அச்சுகளுக்கும் நடுவே மூன்றாவது டிபறென்சியலை வைத்து, வேண்டும்போது அதனைப் பூட்டவும் வழிசெய்தனர். ஆகவே மழையில் நனைந்த வீதியிலும் நான்கு சில்லுகளும் முறுக்கின்றி இழுத்தன. இன்று செல்வர் மாளிகை முற்றங்களில் மினுங்கும் அவ்வண்டியின் முதற் பிறவியின் உட்தளம், நீர்க்குழாய் கொண்டு கழுவக்கூடியதாக இருந்தது என்றால் நம்புதல் அரிது.

அதே எண்ணத்தை ஏழைக்கும் எட்டச் செய்தவர் சோவியத் பொறியியலாளர். 1977இல் வந்த லாடா நீவா, சட்டகமும் உடலும் ஒன்றாய் அமைந்த சிறிய வண்டி. ஓயாது இயங்கும் நாற்சில்லு இயக்கம், தாழ்கியர்கள், நடு டிபறென்சியற் பூட்டு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. முன்சில்லுகள் ஒன்றையொன்று சாராது தனித்தனியே எழுந்து தாழ்ந்தன. உள்ளே தகரப் பெட்டியின் ஓசை கேட்டாலும், சேற்றையும் பனியையும் கடந்து செல்வதில் அதன் விலையிலும் பல மடங்கு விலையான வண்டிகளை அது நாணச் செய்தது. கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பயனை அளவுகோலாகக் கொண்டால் இதற்கு நிகரான வண்டி அக்காலத்தில் இல்லை என்றே கூறவேண்டும்.

சுசுகி ஜிம்னி வேறு வழியிற் சென்றது. 1970இல் 359 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு பிறந்த அது, 2018இல் வந்த நான்காம் தலைமுறையிலும் பழைய சட்டகத்தையும் விறைப்பான அச்சுகளையும் விடவில்லை. விறைப்பான அச்சில் ஒரு சில்லு மேடேறும்போது மறு சில்லு தாழ்த்தப்படுகின்றது. குழிகளில் நிலத்தை விடாது பற்றுதற்கு அது உதவும். அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே 210 மில்லிமீற்றர் உயரம், 1,100 கிலோகிராம் அளவிலான நிறை. ஒடுங்கிய காட்டுப்பாதையில் பெரிய வண்டி திரும்ப முடியாது திண்டாடும் இடத்தில் ஜிம்னி திரும்பி வந்துவிடும். எனினும் இரு பிள்ளைகளும் பயணப் பெட்டிகளும் உள்ள குடும்பம் அதில் நெடுந்தூரம் போய்வந்தால் இரண்டாம் முறை புகையிரதத்தையே நாடும்.

1990களின் பின்னர் பெருகியவை, உயர்த்திய கார் என்று சொல்லத்தக்க வண்டிகள். பெரும்பாலும் முன்சில்லுகளால் ஓடி, அவை வழுக்கும்போது மட்டும் பின்சில்லுகளுக்கு விசையை அனுப்பும் வகையின அவை. தாழ்கியர் அவற்றில் இருப்பதில்லை. ஆழ்ந்த மணலில் நெடுநேரம் முயன்றால் விசையை அனுப்பும் கிளச்சு சூடேறி ஓய்ந்துவிடும். ஜீப் உடையோர் இவற்றை நகைப்பர். ஆண்டில் பத்து நாள் மட்டும் கிறவல் வீதியில் இறங்கும் ஒருவருக்கு அந்நகைப்புப் பொருந்தாது. மழைநாளில் வளைந்த மலைவீதியில் இவை பழைய ஜீப்பிலும் மிக உறுதியாக ஓடும். ஓரத்தில் விலகவேண்டி திருப்புசக்கரத்தைச் சடுதியாக வெட்டினாலும் கவிழும் அச்சம் குறைவு. உயர்ந்து ஒடுங்கிய பழைய வண்டிகளில் அவ்வச்சம் மெய்யானது.

2016ஆம் ஆண்டு தை மாதத்தில் பழைய லாண்ட் றோவர் மரபின் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. அடுத்து வந்த புதிய டிபெண்டரில் தனிச் சட்டகம் இல்லை, விறைப்பான அச்சும் இல்லை. பழையதை நேசித்தோர் சினந்தனர். ஆனால் காற்றுத் தாங்கிகளை உயர்த்தினால் அதன் அடியுயரம் 291 மில்லிமீற்றர். பழையது 500 மில்லிமீற்றர் ஆழமான நீரைக் கடக்க, புதியது 900 மில்லிமீற்றரைக் கடக்கும். வழுக்கும் சில்லை மின்னணு மூளை தானே பிறேக்கிட்டு அடக்க, விசை மறுசில்லுக்குப் போகின்றது. சேற்றிலும் வீதியிலும் புதியதே வென்றுவிட்டது. அது தோற்கும் இடம் ஒன்று உண்டு. நடுக்காட்டில் நின்றுவிட்டால், பழையதை ஊர்க் கராச்சுக்காரர் சுத்தியலும் திருகு சாவியும் கொண்டு எழுப்பிவிடுவார். புதியதன் நோயை அறிவதற்கே கணினி வேண்டும்.

எவ்வகை வண்டியாயினும் சாரதியின் எண்ணத்தில் ஏறிவிடும் ஒரு மயக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நான்கு சில்லு இயக்கம் வண்டியைப் புறப்படச் செய்யும், நிறுத்துவதற்கு உதவாது. எல்லா வண்டிகளுக்கும் பிறேக் நான்கு சில்லுகளிலுமே உண்டு. நனைந்த இறக்கத்தில் இரண்டு தொன் எடையுள்ள வண்டி சிறிய காரிலும் விரைவாக நின்றுவிடும் என்று எண்ணுவது பேதைமை. வெள்ளமும் அவ்வாறே. தேங்கி நிற்கும் நீரின் ஆழத்தையே நூல்கள் அளந்து சொல்லுகின்றன. பாயும் நீர் வேறு. முழங்கால் கடந்து இரண்டடி உயரத்தில் விரைந்து பாயும் வெள்ளம் பெரிய ஜீப்பையும் பக்கவாட்டில் தள்ளிச் செல்லப் போதுமானது. மாரிகாலத்தில் வீதியை மேவி நீர் ஓடும்போது, எதிர்க்கரையில் நோயாளி காத்திருந்தாலும், முதலில் ஒருவர் தடியூன்றி ஆழம் பார்ப்பதற்கும் தடியை நீர் இழுக்குமாயின் திரும்பிவிடுவதற்கும் துணிவு வேண்டும்.

மணலில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே உதவுவது விசையன்று. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுப் பக்கம் போகும் வண்டி புதைவதற்குப் பெரும்பாலும் காரணம் ரயரில் நிறைந்திருக்கும் காற்று. வீதிக்கென அடித்த காற்றில் ஏறக்குறைய பாதியைத் திறந்துவிட்டால் ரயர் தட்டையாகி, நிலத்தைத் தொடும் பரப்பு நீளும். கனத்த வண்டியும் மணலின்மேல் மிதந்தாற்போல ஊர்ந்துவிடும். நான்கு சில்லு இயக்கமில்லாத கார்கூட இவ்வாறு கரையேறியதுண்டு. ஆனால் தாரிட்ட வீதிக்குத் திரும்பியதும் அதே மெலிந்த ரயரோடு விரைந்தால் அது சூடேறி வெடிக்கும். ஆகவே மணற்பாதைக்கென ஜீப் ஒன்றை விலைபேசப் போகிறவர், எஞ்சினின் குதிரைவலுவைக் கேட்குமுன் ஆசனத்தின் கீழே குனிந்து, காற்றடிக்கும் பம்பி இருக்கின்றதா என்று பார்ப்பது நன்று.