நாலு மேசையும் ஒரே பர்ஸில்தான் கை வைக்கும்

(ஆன்லைன் பண விளையாட்டுகள் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆன்லைன் போக்கரில் ‘மல்ட்டி டேபிளிங்’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே நேரத்தில், இரண்டு, நாலு, சில சமயம் எட்டு மேசைகளில்கூட உட்கார்ந்து ஆடுவது. நேரில் சீட்டாடும்போது இது நடக்காது. ஒரு நாற்காலியில்தான் உட்கார முடியும். கைபேசியில் விரலால் தள்ளினால் போதும், அடுத்த மேசை வந்துவிடும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். இங்கே இருக்கிற இளைஞர்கள் சில பேருக்கு இது தெரிந்திருக்கும். பெற்றோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ரெண்டு பேருமே கேட்க வேண்டிய கணக்கு இது.

போக்கர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகமாக ஆடப்படும் வகையில் ஆளுக்கு 2 சீட்டு மறைவாகக் கிடைக்கும். நடுவில் 5 சீட்டு எல்லாருக்கும் பொதுவாக விரிக்கப்படும். நல்ல சேர்க்கை யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பணம். இல்லையென்றால், மற்றவர்களைப் பந்தயத்தால் பயமுறுத்தி விலக வைத்தவருக்குப் பணம். சீட்டு பிடிக்கவில்லை என்றால் கீழே வைத்து விலகிக்கொள்ளலாம். இப்படி ஒரு சுற்று முடிவதை ‘ஒரு கை’ என்பார்கள்.

முதலில் ஒரு கணக்கு

நேரில் ஆடினால் மணிக்கு 25, 30 கை நடக்கும். சீட்டைக் கலைக்கணும், போடணும், காசை எண்ணணும். ஆன்லைனில் இதெல்லாம் கிடையாது. 6 பேர் ஆடும் ஒரு மேசையில் மணிக்கு 80 கை என்று வைத்துக்கொள்வோம்.

போக்கரில் ‘பிளைண்ட்’ என்று ஒன்று உண்டு. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, முறை வரும்போது கட்டியே ஆகவேண்டிய கட்டாயப் பணம். 5 ரூபாய், 10 ரூபாய் பிளைண்ட் வைத்த மேசை என்றால், ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் உங்களிடமிருந்து 15 ரூபாய் போகும். 6 கைக்கு ஒரு தடவை. 80 கைக்குச் சுமார் 200 ரூபாய். நீங்க ஒரு கைகூட ஆடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மணிக்கு 200 ரூபாய் கரையும். அந்தப் பணத்தை ஜெயித்துத் திருப்பி எடுத்த பிறகுதான் லாபம் என்ற பேச்சே வரும்.

இப்போ நாலு மேசை போடுங்க. மணிக்கு 800 ரூபாய். ராத்திரி 3 மணி நேரம் ஆடினால் 2,400 ரூபாய். ஆடுபவர் மனசில் இருப்பது என்ன? “நான் அஞ்சு, பத்து ரூபாய் மேசையில்தானே ஆடுறேன்.” ஒவ்வொரு மேசையையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது. ஆனால் பர்ஸ் ஒன்றுதான்.

அடுத்தது கமிஷன். இதை ‘ரேக்’ என்பார்கள். நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். யார் ஜெயித்தாலும் எடுத்துக்கொள்ளும். ஒரு கைக்குச் சராசரி 5 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால்கூட, 80 கைக்கு 400 ரூபாய் அந்த மேசையை விட்டு வெளியே போய்விடும். 6 பேரும் சேர்ந்து கொண்டுவந்த பணத்தில் அது குறையும். நீங்க எத்தனை மேசையில் உட்காருகிறீர்களோ அத்தனை இடத்தில் அந்தக் கமிஷனில் உங்க பங்கு போகும். அதனால்தான் ‘இன்னொரு மேசை சேர்க்க’ என்ற பொத்தான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது.

அப்போ யாருமே சம்பாதிக்கவில்லையா?

நியாயமான கேள்வி. பல மேசை ஆடிச் சம்பாதித்தவர்கள் உண்டு. மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிற ஒருவர், ஒரு மேசையில் கிடைக்கிற சின்ன லாபத்தை நாலு மடங்கு ஆக்கலாம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் செய்வது அதுதான். பெரிய திரைகள், ஒவ்வொரு எதிராளியும் எப்படி ஆடினார் என்று கணக்கு வைத்துக் காட்டும் மென்பொருள், வருஷக்கணக்கில் பயிற்சி. இத்தனையும் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த ராண்டி லியூ இதில் பெயர் போனவர். 2012 ஜனவரியில் பஹாமாஸ் தீவில் 8 மணி நேரத்தில் 23,493 கை ஆடி கின்னஸ் சாதனை செய்தார். நிமிஷத்துக்கு 49 கை. சாதனை செல்லணும்னா கடைசியில் நஷ்டம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவருக்குக் கிடைத்த லாபம் 7 டாலர் 65 சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் 400 ரூபாய். அது சாதனைக்காக ஆடியது, அதை வைத்து அவருடைய வருமானத்தை அளக்க முடியாது. ஆனாலும் உலகத்தின் வேகமான ஆட்டக்காரருக்கே லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவுதான்.

மணியைப் பெருக்குவது மாதிரிதான் பல மேசை. நல்ல ஆட்டக்காரருக்கு லாபம் பெருகும். தோற்கிறவருக்கு நஷ்டம் பெருகும். கமிஷனும் போனபிறகு பெரும்பாலானவர்கள் ரெண்டாவது வரிசையில்தான் நிற்க முடியும். இது தெரிந்துதான் போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனமே 2019-ல் பண மேசைகளை ஒருவருக்கு 4 என்று குறைத்தது. முன்பு 24 வரை விட்டிருந்தார்கள். பல மேசைக்காரர்கள் புதியவர்களைச் சீக்கிரம் காலி பண்ணிவிட்டால், ஆடுவதற்கு ஆள் இருக்காதே!

11 விநாடிக்கு ஒரு முடிவு

நம்ம ஊரில் அவதானக் கலை என்று ஒன்று இருந்தது. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே நேரத்தில் 100 விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லி, ‘சதாவதானி’ என்று பெயர் வாங்கினார். அப்படி ஒருவரை நூறு வருஷம் கழித்தும் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறோம் என்றால், அது எத்தனை அபூர்வம் என்று பாருங்க.

நாலு மேசை ஆடுகிறவருக்கு மணிக்கு 320 கை. சுமார் 11 விநாடிக்கு ஒரு கை வந்து நிற்கும். ஒரு மேசையில் யார் எப்படிப் பந்தயம் கட்டினார் என்று யோசிப்பதற்குள் அடுத்த மேசை ‘டிங்’ என்று கூப்பிடும். நேரம் முடிந்தால் செயலியே உங்க சீட்டைக் கீழே வைத்துவிடும். அதுவரை கட்டிய பணம் போனது போனதுதான். சிக்னல் கொஞ்சம் போனால் நாலு மேசையிலும் ஒரே நேரத்தில் இது நடக்கும். திறமை ஆட்டம் என்று சொல்லித்தான் உட்காருகிறார்கள். யோசிக்க நேரமில்லாத இடத்தில் திறமைக்கு என்ன வேலை?

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. நாலு மேசை ஓடும்போது ஏதாவது ஒன்றில் ஜெயித்துக்கொண்டே இருப்பீர்கள். அந்தச் சத்தமும் வெளிச்சமும் மற்ற மூன்று மேசையின் நஷ்டத்தை மறைத்துவிடும். சூதாட்ட இயந்திரங்களில் இதே மாதிரி ஒரு விஷயத்தைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் கவனித்தார்கள். ஒரே சுற்றில் பல வரிசைகளில் காசு கட்டுகிறவருக்கு, ஒரு வரிசையில் கொஞ்சம் திரும்பி வரும், மொத்தத்தில் நஷ்டம். ஆனால் உடம்பு அதை வெற்றி மாதிரியே உணர்கிறது. வெற்றி வேஷம் போட்ட நஷ்டம். நாலு மேசைக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு மேசையில் 1,000 ரூபாய் போனால் சுருக்கென்று தைக்கும். நாலு மேசையில் 250, 250 ஆகப் போனால் தைக்காது. தானாகப் பணம் நிரப்பும் வசதியை வேறு ஆன் செய்து வைத்திருந்தால், மேசையில் தொகை குறைந்ததே கண்ணில் படாது.

அப்புறம் ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்ற வேகம் வரும். விட்டதைச் சீக்கிரம் பிடிக்க என்ன செய்வார்? இன்னும் ரெண்டு மேசை சேர்ப்பார். கையில் பணம் தீர்ந்தால் கடன் செயலி. பல குடும்பங்கள் உடைந்தது இந்தப் படியில்தான்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் உயிரிழப்புகள் தொடர்ந்ததால், 2022-ல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் பிறகு வந்த மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றுக்கான தடையை மட்டும் விலக்கியது; நேரம், வயது போன்றவற்றை ஒழுங்குபடுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அதன்படி 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதிகளைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் இல்லை. 1 மணி நேரத்தைத் தாண்டினால் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எவ்வளவு பணம் செலவானது என்று திரையில் எச்சரிக்கை வரவேண்டும். நான் சொன்ன அந்த மறைந்துபோகும் மொத்தத் தொகையைக் கண்முன்னே கொண்டுவருவதுதான் இதன் பயன். இந்த விதிகளை எதிர்த்த வழக்கு 2025 ஜூனில் தள்ளுபடி ஆனது.

பிறகு மத்தியச் சட்டம். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் இது தடுக்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை. இந்தச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அதனால் பாதிக்கப்பட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பலவும் பண ஆட்டத்தை உடனே நிறுத்திக்கொண்டன.

ஆனால் பழக்கம் உடனே நிற்குமா? வெளிநாட்டுத் தளங்கள் குறுஞ்செய்தியிலும் டெலிகிராமிலும் லிங்க் அனுப்புகின்றன. அங்கே மணி எச்சரிக்கை கிடையாது, மேசை வரம்பு கிடையாது. ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் கேட்க ஒரு முகவரி கிடையாது. எதிரே ஆடுவது மனிதனா, கணினி நிரலா என்றும் தெரியாது. பணத்தை யாரோ ஒரு தனிநபரின் யூபிஐ கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கணக்கு நாளுக்கு நாள் மாறும். அவர்கள் திருப்பி அனுப்பும் பணம் வேறொருவரிடம் மோசடி செய்ததாக இருந்தால், உங்க வங்கிக் கணக்கே முடங்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒன்று: லிங்க் மூலம் வரும் செயலிகளைப் பதிவிறக்காதீர்கள். ஆதார், பான் படங்களை அங்கே ஏற்றாதீர்கள்.

இரண்டு: உங்க வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ ‘கமிஷன் தர்றோம்’ என்று கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். காவல்துறை விசாரணை முதலில் வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான்.

மூன்று: பணமோசடி நடந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண், திரைப்படம் பிடித்த ஆதாரங்களை அழிக்காதீர்கள்.

நான்கு: விட முடியவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள். ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை, 24 மணி நேரமும் இலவசம். 104-லும் பேசலாம். குடும்பத்தாரும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் அழையுங்கள். கடனுக்கு வழி இருக்கிறது.

ஐந்து: வீட்டில் யாராவது ஆடுகிறார் என்று தெரிந்தால், திட்டுவதற்கு முன் ஒரு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்க. வெளியே போனது ஒரு பக்கம், உள்ளே வந்தது ஒரு பக்கம் என்று எழுதி, கடைசியில் ஒரே ஒரு கூட்டல் போடுங்க. எத்தனை மேசை, எந்த ராத்திரி, எந்தக் கையில் ஜெயித்தேன் என்ற பேச்செல்லாம் அந்த ஒரு எண்ணுக்கு முன்னால் நிற்காது. ஆடுகிறவர் அந்த எண்ணைப் பார்த்திருக்கவே மாட்டார். முதல் தடவை பார்க்கும்போது பக்கத்தில் நீங்க இருங்க.

 கேள்விகள் இருந்தால் கேளுங்க. எல்லார் முன்னாலும் கேட்கத் தயக்கமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து பேசுங்க.