ஒளி பிளக்கும் மூலக்கூறுகள்



இராகலையில் தேயிலைச் செடிகளுக்கு இடப்படும் யூரியாப் பசளை முழுவதும் செடியைச் சேர்வதில்லை. அதன் ஒரு சிறு பகுதி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் மாற்றமடைந்து நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவாக வெளியேறுகின்றது. மயக்க மருந்தாக வைத்தியர்கள் கையாளும் 'சிரிப்பூட்டும் வாயு' இதுவேயாகும். நூறாண்டுக்கு மேலாக வளியில் நிலைத்திருக்கும் இவ்வாயு மெல்ல மேலெழுந்து, ஓசோன் படையின் உயரத்தை அடைகின்றது. அங்கே சூரிய ஒளி அதனைப் பிளக்கின்றது.

ஒளி, சக்திப் பொட்டலங்களாக வருவது. அலைநீளம் குறையக் குறையப் பொட்டலத்தின் சக்தி மிகும். ஆதலால், கண்ணுக்குப் புலனாகும் ஒளியால் பிளக்க இயலாத பல மூலக்கூறுகளைக் கழியூதாக் கதிர் பிளந்துவிடும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு பிளவு நேரும், பிளந்த துண்டுகள் யாவை என்பவற்றை நுட்பமான பரிசோதனைகளே காட்டவல்லன.

அத்தகைய பரிசோதனைகளில் புகழ்பெற்றவர் பௌதிக இரசாயன அறிஞர் ஏ. ஆர். ரவிசங்கரா. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1975 இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். லேசர் ஒளியை ஒரு கணம் பாய்ச்சி மூலக்கூறை உடைத்து, அத்துண்டுகள் மறையுமுன் அவற்றை அளந்தறிவது அவர் கையாண்ட முறை. ஓசோன் பிளவுபடும்போது சக்தி மிகுந்த ஒட்சிசன் அணு தோன்றுகின்றது. 310 நனோமீற்றருக்கு மேற்பட்ட ஒளியிலும் அவ்வணு முன்னர் எண்ணியதிலும் கூடுதலாகத் தோன்றுவதை அவரும் பிற அறிஞரும் 1998 இல் எடுத்துக்காட்டினர்.

நைதரசு ஒட்சைட்டின் பெரும்பகுதி ஒளியால் பிளந்து, தீங்கற்ற நைதரசனாகின்றது. எஞ்சிய சிறு பகுதியோ மேற்கூறிய ஒட்சிசன் அணுவைச் சந்தித்து நைத்திரிக்கு ஒட்சைட்டாகின்றது. இது தான் அழியாமலே ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கும். 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை குளோரின் கொண்ட வாயுக்களைக் கட்டுப்படுத்தியது. நைதரசு ஒட்சைட்டு அதில் அடங்கவில்லை. மனிதர் இன்று வெளியிடும் வாயுக்களுள் ஓசோனை மிகுதியாகப் பாதிப்பது இதுவே என ரவிசங்கராவும் இரு சக ஆய்வாளரும் 2009 இல் அறிவித்தனர்.

அப்படியாயின் பசளையை அறவே கைவிடலாமா? இலங்கையில் 2021 இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை நீங்கியபோதிலும் தட்டுப்பாடு தொடர்ந்தது. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் கூடை சுமக்கும் தொழிலாளியின் அடுப்பே முதலில் தணியும்.

ஆகவே வேண்டுவது தடையன்று, அளவு. மண்ணைச் சோதித்து, தேவையான பசளையைப் பகுதி பகுதியாக இட்டு, பெருமழைக்கு முன் இடுவதைத் தவிர்த்தால், தோட்டத்தின் பணமும் மிஞ்சும். வானத்தின் காப்பும் நிலைக்கும்.